அண்ணத்தில் திருகு, முகத்தில் கம்பி: டர்பனில் என் மகளுக்குச் செய்த தாடைச் சிகிச்சை

மேல்தாடையை விரிக்கும் திருகுக்கு ஐந்துக்கு ஐந்து. முகத்தில் மாட்டி மேல்தாடையை முன்னால் இழுக்கும் கம்பியான ஃபேஸ்மாஸ்குக்கு மூன்றரை. மருத்துவருக்கு நாலரை. அவருடைய கிளினிக்கின் வரவேற்பு மேசைக்கு இரண்டு. அதில் ஒன்று அங்கே இருக்கும் மீன் தொட்டிக்கு. கிளினிக்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் வட்டம் சின்னது, நாளைக்கே கோயிலில் யார் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது. பெரேயா மேட்டில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குழந்தைக்குக் கிளிப் போடுவது பற்றித் தமிழில் தேடிப் பார்த்தால் எல்லாரும் பல் வரிசையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எலும்பைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் மகளுக்குச் செய்ததைப் பல் சிகிச்சை என்று சொல்வதே சரியில்லை. பல்லைப் பிடித்துக்கொண்டு எலும்பை நகர்த்தினார்கள். அது நகர்ந்தது, ஏனென்றால் 8 வயதில் முகத்து எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள் இன்னும் இறுகியிருக்காது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எந்த கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் சரியான கேள்வி கேட்கலாம். அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. மனைவி இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். மகளுக்குக் கீழ்வரிசை முன்பற்கள் மேல்வரிசைக்கு வெளியே நின்றன. என் அப்பாவுக்கும் அப்படித்தான். கல்யாணப் படத்தில்கூடத் தாடையை நீட்டிக்கொண்டு, பெண் வீட்டாரோடு சண்டைக்கு நிற்பவர் போல் இருப்பார். நிஜத்தில் பரம சாது.

முதலில் காட்டிய பல் மருத்துவர், எல்லாப் பால் பல்லும் விழுந்து முளைக்கட்டும், 13 வயதில் கிளிப் போட்டுக்கொள்ளலாம், அப்போதும் சரியாகாவிட்டால் 18-க்கு மேல் ஆபரேஷன் இருக்கிறது என்றார். குரலில் அவசரமே இல்லை. ஆபரேஷன் என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்து படித்தேன். லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1901-ல், முகத்தில் அடிபட்டால் எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடையும் என்று சடலங்களை வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் சொன்ன முதல் கோட்டில் மேல்தாடையை அறுத்து முன்னால் நகர்த்தி, தகடு வைத்துத் திருகு போடுகிறார்கள். வளர்ந்தவர்களுக்கு அது நல்ல சிகிச்சைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து அறுப்பதற்காக இப்போது சும்மா இருப்பதா என்று மனைவிக்குப் பொறுக்கவில்லை. அவள் விசாரித்துக் கண்டுபிடித்தவர்தான் இந்த ஆர்த்தோடாண்டிஸ்ட், அதாவது பல், தாடைச் சீரமைப்பு மருத்துவர்; பிரிட்டோரியாவில் படித்துவிட்டு வந்த பெண்மணி.

அவர் முதல் நாளே மண்டையோட்டு மாதிரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நாலரை கொடுத்ததில் பெரும்பகுதி அந்த அரைமணி நேரத்துக்கு. மேல்தாடை ஒரே எலும்பு அல்ல. இடது வலது என்று இரண்டு, வாயின் மேற்கூரையான அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்கின்றன. ஒவ்வொரு பாதியும் மேலே நெற்றி எலும்போடும் மூக்கெலும்போடும், பக்கவாட்டில் கன்ன எலும்போடும், பின்னால் அண்ண எலும்போடும், இன்னும் சில சின்ன எலும்புகளோடும் சேர்ந்திருக்கிறது. இப்படிச் சேரும் கோடுகளுக்கு சூச்சர் என்று பெயர். பார்க்க விரிசல் மாதிரி இருந்தாலும் உள்ளே நார்த் திசு இருக்கிறது, ரத்தக் குழாய் இருக்கிறது, இரண்டு கரையிலும் எலும்பை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. பிள்ளையின் முகம் கீழேயும் முன்னேயும் வளர வளர, இந்தக் கோடுகளில் புது எலும்பு படிந்து இடத்தை நிரப்புகிறது.

தாடைச் சிகிச்சை செய்வது, இந்த இயல்பான வேலையில் போய்க் கைவைப்பது. சூச்சரை இழுத்துப் பிடித்தால் அங்கே எலும்பு அதிகமாகப் படியும். அழுத்திப் பிடித்தால் வளர்ச்சி மட்டுப்படும். மேல்தாடை துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கழுத்துக்குப் பின்னாலிருந்து இழுக்கும் ஹெட்கியர் அழுத்துகிற வகை. எங்கள் மகளுக்கு மேல்தாடை பின்தங்கியும் இருந்தது, குறுகியும் இருந்தது. ஆகவே இரண்டு இழுவை: முதலில் பக்கவாட்டில் விரிப்பு, பிறகு முன்பக்கமாக இழுப்பு.

எத்தனை வயது வரை இது நடக்கும் என்று கேட்டேன். டென்மார்க்கின் பிர்தே மெல்சன் என்ற ஆய்வாளர் 1975-ல், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இறந்துபோனவர்களின் அண்ணத்தை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியதைச் சொன்னார். சிறு வயதில் நடு அண்ணக் கோடு அகலமாக, கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. பிறகு வளைந்து நெளிகிறது. பதின்ம வயதில் இரண்டு கரையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கோத்துக்கொள்கின்றன. அதற்கப்புறம் அங்கங்கே எலும்புப் பாலம் விழுகிறது. 2013-ல் இதையே முப்பரிமாண ஸ்கேனில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஆங்கில எழுத்தில் ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். டி வந்துவிட்டால் பின்பகுதி மூடிவிட்டது, ஈ வந்தால் முன்பகுதியிலும் மூடல் தொடங்கிவிட்டது. வயதை வைத்து நிலையை அடித்துச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 8 வயதுப் பிள்ளைக்கு இதற்காக ஸ்கேன் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கத் தேவையில்லை, சாதாரண பக்கவாட்டு எக்ஸ்ரே போதும் என்றார். விற்கத் தெரிந்தவராக இருந்தால் ஸ்கேனையும் தலையில் கட்டியிருப்பார்.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம்.

திருகின் பெயர் ஹைராக்ஸ். துருப்பிடிக்காத எஃகு. பின்பற்களில் வளையம் மாட்டி சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்கள்; வளையங்களிலிருந்து வரும் தடித்த கம்பிகள் அண்ணத்தின் நடுவே ஒரு சின்ன திருகுப் பெட்டியில் சேர்கின்றன. அந்தத் திருகின் ஒரு பாதியில் வலமரை, மறுபாதியில் இடமரை. சுற்றினால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் விலகும். கப்பலில் கன்டெய்னரை இறுக்கிக் கட்டும் டர்ன்பக்கிளும் இதே வேலைதான்; நான் தினமும் கையில் பிடிப்பதன் குட்டியை மகள் வாய்க்குள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கால் சுற்றுக்கு 0.25 மில்லிமீட்டர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர். இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு சுத்தமான மரை வெட்டியிருப்பதைப் பார்த்தால் கைவேலைக்காரனுக்கு மரியாதை வரும்.

சுற்றும் விதம்: பிள்ளையைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைக் கொஞ்சம் தொங்கவிடச் சொல்ல வேண்டும். திருகில் முன்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை தெரியும். சாவியின் கம்பியை அதில் நுழைத்து, தொண்டைப் பக்கமாக மெதுவாகத் தள்ள வேண்டும். அடுத்த ஓட்டை முன்னால் முழுசாகத் தெரியும் வரை தள்ளிவிட்டுத்தான் சாவியை வெளியே எடுக்க வேண்டும். பாதியில் எடுத்தால் ஓட்டை இரண்டுங்கெட்டானாக நின்றுவிடும், அடுத்த முறை சாவி நுழையாது. எடுக்கும்போது முன்பக்கமாக இழுத்தால் சுற்றியது திரும்பிவிடும். கீழ்நோக்கி, நாக்குப் பக்கமாக எடுக்க வேண்டும். சாவியில் ஒரு முழம் நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், நழுவினால் தொண்டைக்குள் போகாது. இதை கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை, எங்கள் துறைமுகத்தில் உயரத்தில் வேலை பார்க்கும்போது ஸ்பேனருக்குக் கயிறு கட்டும் பழக்கம். மின்வெட்டு நேரத்தில் மனைவி போனில் விளக்கடிக்க, நான் சுற்ற, பெரிய சர்ஜரி நடக்கும் தோரணையில் இருக்கும் வீடு.

வலிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் மகளுக்கு அண்ணத்தில் வலிக்கவில்லை. "அப்பா, மூக்குக்கு நடுவுல இறுக்குது" என்பாள், சில சமயம் கண்ணுக்குக் கீழே என்பாள். ஐந்து பத்து நிமிஷத்தில் போய்விடும். கேட்டபோது மருத்துவர் மண்டையோட்டை மறுபடி எடுத்தார். திருகின் விசை நடு அண்ணக் கோட்டோடு நிற்பதில்லை. மூக்கெலும்பு, நெற்றி எலும்பு, கன்ன எலும்பு ஆகியவை மேல்தாடையோடு சேரும் இடங்கள் வரை போகிறது. மேல்தாடை விரிவதற்குப் பெரிய தடையாக இருப்பவை கன்ன எலும்பின் முட்டும், பின்னால் தாங்கி நிற்கும் எலும்புத் தகடுகளும். அதனால் அண்ணம் சீராகத் திறக்காது. முன்பக்கம் அகலமாகவும் தொண்டைப் பக்கம் குறுகலாகவும் திறக்கும். எதிரிலிருந்து பார்த்தால் பல்லருகே அதிகம், மூக்கருகே குறைவு. பிள்ளைக்கு மூக்கில் இறுக்கம் தெரிவது விசை சரியான இடத்துக்குப் போகிறது என்பதற்கு அடையாளம் என்றார். தொடர்ந்து தலைவலி இருந்தாலோ முன்பல் இடைவெளி வராமலே இருந்தாலோ சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொன்னார்.

முன்பல் இடைவெளி வந்தது. முதல் வாரம் முடிவதற்குள் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்து, பிறகு நாளுக்கு நாள் பெரிதானது. அத்தை, அதாவது மாமியார், ஞாயிற்றுக்கிழமை வந்தவர் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, நல்லா இருந்த பல்லைப் பிரிச்சு வச்சிருக்கீங்க" என்று முகம் வாடிவிட்டார். பல் இடைவெளி அதிர்ஷ்டம் என்று ஊரில் சொல்வதை எடுத்துவிட்டுச் சமாளித்தேன். உண்மையில் அந்தச் சந்துதான் ரசீது: நடு அண்ணக் கோடு திறந்துவிட்டது, பல் மட்டும் சாயவில்லை என்று அர்த்தம். ஈறில் பல்லுக்குப் பல் ஓடும் நார்கள் இருக்கின்றன. சுற்றுவதை நிறுத்தியதும் அவையே பற்களை இழுத்துச் சேர்த்துவிடும். எங்களுக்கும் கிளிப் எதுவும் போடாமலே கொஞ்ச மாதத்தில் மூடிவிட்டது.

போதுமான அகலம் வந்ததும் திருகைப் பூட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். சுற்றி முடிந்தவுடன் திறந்த இடத்தில் இருப்பது எலும்பு அல்ல, நீட்டி வைத்த நார்த் திசு. அதில் எலும்பு படிந்து உறுதியாவதற்குப் பல மாதம் ஆகும். அவசரப்பட்டுக் கழற்றினால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். ஆறு மாதம் பக்கம் வைத்திருந்தார்கள்.

இந்த மருத்துவத்தின் வரலாறு பற்றி ஒரு விஷயம், எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன். அண்ணத்தைத் திருகு வைத்து விரிக்கலாம் என்று சான்ஃபிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் எழுதியது 1860-ல். 14 வயதுப் பெண் ஒருத்திக்குச் செய்து, முன்பல் நடுவே சந்து விழுந்ததை வைத்து எலும்பு பிரிந்துவிட்டது என்றார். அப்போது எக்ஸ்ரேயே கிடையாது, அது 1895-ல்தான் வந்தது. அதனால் நம்பாதவர்களே அதிகம். நூறு வருஷம் தூங்கிக்கிடந்த யோசனையை 1961-ல் ஆண்ட்ரூ ஹாஸ் மறுபடி எழுப்பினார். அதே 1860 நவம்பர் 16-ல்தான் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. என் மனைவி வீட்டாருக்கு 1860 என்று சொன்னால் அந்தக் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும், இப்போது எனக்கு இரண்டும் வருகிறது.

திருகுக்கு ஐந்து கொடுத்தாலும் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் சில நாள் எச்சில் ஊற்றாக ஊறும். பேச்சு குழறும். அதிலும் தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதல் கஷ்டம்: ழ, ள, ண எல்லாவற்றுக்கும் நாக்கு மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும், தொடும் இடத்தில் இரும்பு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி ஒப்பிக்கும் முறை வந்தபோது மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆசிரியை நல்லவர், எழுதிக் காட்டச் சொல்லிவிட்டார். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது. சாப்பாட்டில் கறிவேப்பிலைதான் பெரிய எதிரி, திருகுக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டால் லேசில் வராது. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முறுக்கு, கடலை மிட்டாய், பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சி எல்லாம் கூடாது. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பீன்ஸ் பன்னிச்சௌவில் உள்ளே ஊறிய ரொட்டி மட்டும் தாராளமாகப் போகும். ஆடி மாதம் கோயில் கூழ் ஊற்றும் சமயத்தில் சுற்றும் வாரம் வந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது ஃபேஸ்மாஸ்க். நெற்றியில் ஒரு மெத்தை, முகவாயில் ஒரு மெத்தை, இரண்டையும் முகத்துக்கு நடுவே சேர்க்கும் ஒரு கம்பி, வாய்க்கு எதிரே குறுக்காக இன்னொரு கம்பி. திருகோடு சேர்ந்த கொக்கிகளிலிருந்து குறுக்குக் கம்பிக்கு ரப்பர் வளையம் மாட்டினால், நெற்றியையும் முகவாயையும் ஊன்றிக்கொண்டு மேல்தாடையை முன்னால் இழுக்கும். இதைப் பரவலாக்கியவர் பிரான்சின் ழான் தெலேர். முதலில் விரித்துவிட்டு அப்புறம் இழுப்பது பரவலான வழக்கம். விரிப்பு சுற்றியுள்ள சூச்சர்களையும் தளர்த்திவிடுவதால் மேல்தாடை இழுவைக்குச் சுலபமாக இசையும் என்பது எண்ணம். 1970-களில் குரங்குகளுக்கு இப்படி முன்னிழுவை கொடுத்துப் பார்த்தபோது, மேல்தாடையைச் சுற்றிய சூச்சர்கள் அகன்று, அங்கே புது எலும்பு படிந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், மருத்துவர் சின்ன ஸ்பிரிங் தராசை எடுத்து ரப்பரின் இழுவையை அளந்தது. பக்கத்துக்கு 400 கிராம் அளவில் வைத்தார்; வழக்கத்தில் 300 முதல் 500 வரை. ரப்பர் பொட்டலத்தில் 14 அவுன்ஸ் என்று போட்டிருக்கும், அது வளையத்தைத் தன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீட்டினால் வரும் விசை. அதற்கு மேல் நீட்டினால் கூடும், பழசானால் குறையும், ஆகவே தினமும் புதுசு. இழுவை நேர் முன்னால் போகக் கூடாது, கிட்டத்தட்ட 30 டிகிரி கீழ்நோக்கிச் சாய வேண்டும். மேல்தாடையின் சுழல் மையம் பல் வரிசைக்கு மேலே இருக்கிறது. பல் மட்டத்தில் நேராக இழுத்தால் தாடை நகர்வதோடு சுழலவும் செய்யும், முன்பல் கடி திறந்துவிடும். பளுத் தூக்குபவனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கயிறு எங்கே கட்டுகிறோம் என்பதுதான் எல்லாம்.

அப்புறம் ஏன் மூன்றரை? டர்பன் பிப்ரவரி. வியர்வை. முகவாய் மெத்தைக்குக் கீழே தோல் சிவந்து பொரிந்தது. ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் மாட்ட வேண்டிய பொருளுக்கு அந்த மெத்தை மட்டமான தயாரிப்பு, வியர்வையை உறிஞ்சாது. அத்தை பழைய வேட்டித் துணியை நறுக்கி உறை தைத்துக் கொடுத்தார், தினம் ஒன்று மாற்றினோம், பொரிச்சல் அடங்கியது. கம்பியை இறுக்கும் திருகுகள் தூக்கத்தில் புரளும்போது தளர்ந்துவிடும்; அதற்கான குட்டிச் சாவி பெட்டியிலேயே வர வேண்டும், எங்களுக்குக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம் என்று மருத்துவரே சொன்னார். பள்ளி விட்டு வந்ததிலிருந்து காலை வரை. காவடியன்று மட்டும் விடுமுறை கொடுத்தோம்.

பலன் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் சொல்வதில்லை. இந்தச் சிகிச்சையில் மேல்தாடை எலும்பு முன்னால் வருவது பொதுவாக 2, 3 மில்லிமீட்டர் அளவுதான். கண்ணாடியில் தெரியும் மாற்றத்தில் மீதி, மேல் முன்பற்கள் வெளியே சாய்வதாலும் கீழ் முன்பற்கள் உள்ளே சாய்வதாலும் கீழ்த்தாடை கொஞ்சம் கீழேயும் பின்னேயும் சுழல்வதாலும் வருவது. எங்கள் மகளுக்கு இப்போது மேல் பல் முன்னால், கீழ் பல் பின்னால், ஆப்பிளை முன்பல்லால் கடிக்கிறாள். ஆனால் கீழ்த்தாடை இன்னும் வளரப்போகிறது. பெண் பிள்ளைகளுக்கு 15, 16 வரை, பையன்களுக்கு இன்னும் சில வருஷம். தாத்தாவின் தாடை மறுபடி தலைகாட்டலாம்.

பிரிட்டனில் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஃபேஸ்மாஸ்க் கொடுத்து, மறு பகுதிக்குக் கொடுக்காமல் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆறு வருஷம் கழித்த முடிவு 2016-ல் வந்தது. எலும்பின் அளவுகளில் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் நிற்கவில்லை. ஆனால் தாடை ஆபரேஷன் தேவை என்று மதிப்பிடப்பட்டவர்கள், போட்டவர்களில் 36 சதவீதம், போடாதவர்களில் 66 சதவீதம். இதை மருத்துவரே எடுத்துக் காட்டினார். "உத்தரவாதம் தர மாட்டேன், வாய்ப்பைத்தான் மாற்றுகிறேன்" என்றார். அந்தப் பேச்சுக்காகவே கையெழுத்துப் போட்டோம்.

இந்த இடத்தில் மச்சான் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறான், 17 வயது. நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் முகவெட்டு மாறும் என்று போனில் பார்த்துவிட்டு, படம் எடுக்கும்போதெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டு திரிகிறான். தங்கச்சிக்குப் போட்டதையே தனக்கும் போடலாமா மாமா என்று கேட்டான். அந்த வயதில் கோடு பெரும்பாலும் கோத்து இறுகியிருக்கும். பல்லைப் பிடித்து விரித்தால் எலும்பு திறப்பது சந்தேகம், பற்கள்தான் வெளியே சாயும், ஈறு இறங்கும். அண்ண எலும்பிலேயே சின்னத் திருகாணி பதித்து விரிக்கும் முறை இருக்கிறது, அதுவும் கைகூடாவிட்டால் அறுவை செய்து விரிப்பது. அவன் தாடையில் குறை எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

கிளினிக்குக்கு வருகிறேன். வரவேற்பறையில் ஒரு மடிப்புத் தாள் வைத்திருக்கிறார்கள்: அண்ணம் விரித்தால் குறட்டை போகும், படுக்கையில் சிறுநீர் போவது நிற்கும், படிப்பில் கவனம் வரும். மேல்தாடை விரியும்போது மூக்குத் துவாரத்தின் அடித்தளமும் அகலமாவது உண்மை, சில பிள்ளைகளுக்கு மூச்சு சுலபமாகிறது. அதற்காக மார்க் வாங்கித் தரும் என்று அச்சடிப்பதா? மருத்துவரிடம் தாளைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கில், அது அவர் எழுதியதில்லை என்று தெரிந்தது. அடுத்த முறை போனபோதும் தாள் அங்கேயேதான் இருந்தது.

இரண்டாவது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் இடது பக்க வளையத்தின் சிமென்ட் விட்டுப்போய் திருகு ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. அவசரத்துக்கு என்று கொடுத்த எண்ணில் பதிவுக் குரல் மட்டும். திங்கட்கிழமை காலை வரை கஞ்சியும் தயிர்சாதமும் கொடுத்துச் சமாளித்தோம். பிள்ளைகளுக்கு வாயில் இரும்பு மாட்டி அனுப்பும் இடத்தில் வார இறுதியில் ஒரு மனிதக் குரல் வேண்டும். திங்கட்கிழமை மருத்துவர் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மூன்றாவது, நேரம். கொடுப்பதெல்லாம் காலை பத்து, பதினொன்று. பள்ளி நேரம், எனக்கு ஷிப்டு நேரம். கேட்டால், மாலை நேரம் பெரிய பிள்ளைகளின் கிளிப்புக்கு ஒதுக்கியது என்பார்கள்.

நாலாவது பணம். மருத்துவக் காப்பீட்டுக்காரர்களிடம் முன் அனுமதி வாங்க ஒவ்வொரு வேலைக்கும் எண் குறியீடு போட்டு மதிப்பீடு தருவார்கள். அதில் திருகு ஒரு வரி, ஃபேஸ்மாஸ்க் ஒரு வரி, மாதாமாதம் பார்ப்பது ஒரு வரி. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்த பிறகு போட வேண்டிய கிளிப் இரண்டாம் கட்டம், அதற்கு வேறு மதிப்பீடு, வேறு பணம் என்பதை மட்டும் முதல் கட்டம் முடிகிற நாளில்தான் மேசையில் சொன்னார்கள். சிகிச்சை இரண்டு கட்டம் என்பது மருத்துவ ரீதியில் நியாயம்தான். சொன்ன நாள்தான் நியாயமில்லை. இரண்டு மதிப்பீட்டையும் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். நம்முடைய காப்பீட்டுத் திட்டத்தில் பல் சீரமைப்புக்கு ஆயுளுக்கு இவ்வளவு என்று வரம்பு இருந்தால், முதல் கட்டமே அதைத் தின்றுவிடும்.

இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, கீழ்த்தாடை எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பழைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். கடைசிப் படத்தில் மேல்தாடை வந்த இடத்திலேயே நின்றது, கீழ்த்தாடை கொஞ்சம் வளர்ந்திருந்தது. இரண்டாம் கட்டம் வந்தாலும் இதே மருத்துவரிடம்தான் போவோம். ஃபேஸ்மாஸ்கைக் கழுவிப் பரணில் போட்டாயிற்று, சின்னவனுக்கு இப்போது 5 வயது, அவன் கடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வண்டி நிறுத்த கிளினிக்குக்குப் பின்னால் நாலு கார் நிற்கும் இடம்தான் உண்டு. சரிவு அதிகம், ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.